இடமிருந்து வலம்

வேல்ஸில் மலையைப் படமெடுக்கத் தெரியாதவன் கிடையாது. மலை அதன் இடத்தில் நிற்கிறது. மேகம் தேவைக்கு அதிகமாகவே இறங்கி வருகிறது. ஏதாவது ஓர் ஆடு சரியான மூலையில் வந்து மேய்ந்து படத்தை நிறைவு செய்துவிடுகிறது. நாம் கேமரா நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்த எளிய பரீட்சையிலும் தேறாதவர்கள்தான் மனிதர்களைப் படமெடுக்கப் புறப்படுகிறார்கள். நான் அந்த வழியாக வந்தவன்.

நாங்கள் இருப்பது அபெரிஸ்ட்வித்துக்குக் கிழக்கே, மலைச்சரிவில் ஒரு கிராமத்தில். ஒரு தேவாலயம், ஒரு சாப்பல், ஒரு ஊர்க்கூடம், ஒரு மதுக்கடை, மூடிப்போன ஒரு தபால் நிலையம். மனைவிக்கு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருடைய ரத்த அழுத்தம் அவளுக்கு மனப்பாடம். எனக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே கணினி வேலை. ஆகவே ஊரில் என் பெயர் ‘நர்ஸ் வீட்டுக்காரர்’. அந்தப் பெயரை மாற்றத்தான் கேமரா வாங்கினேன். வெளியே யாராவது கேட்டால் ஒளியின் மேல் காதல், அது இது என்று சொல்லிவைப்பேன்.

நிலக்காட்சிக் காலத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். அபெரிஸ்ட்வித்தில் பழைய கடல்பாலம் ஒன்று இருக்கிறது. குளிர்காலம் முழுக்க, அந்தி சாயும் நேரத்தில், மைனாவுக்குச் சொந்தக்காரர்களான ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் அதன் மேலே சுழன்று, சுருங்கி, விரிந்து, கடைசியில் பாலத்தின் அடியில் போய் அடையும். அதை எடுத்துக்கொண்டு கேமரா கிளப் போட்டிக்குப் போனேன். இந்தப் போட்டிகளுக்கு வெளியூர் கிளப்பிலிருந்து நடுவர் வருவார், இருபதுக்கு மதிப்பெண் போடுவார். என் படத்தை அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். “சென்சாரை ஒருமுறை துடைத்தால் இந்தப் புள்ளிகளெல்லாம் போய்விடும்” என்றார்.

அடுத்து ரெட் கைட் பருந்து. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் அது மிஞ்சியது நடு வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் மட்டும், அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு. இன்று எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, புல்க் நான்ட் அர் ஆரியன் என்ற இடத்தில், தினமும் மதியம் அவற்றுக்கு இறைச்சி போடுகிறார்கள். கூட்டம் கூட்டமாக வரும். அழிவிலிருந்து மீண்டு வந்த அந்தப் பறவை என் படங்களிலிருந்து மட்டும் தப்பித்துக்கொண்டே இருந்தது. என்னிடம் உள்ளவை வானமும் சில வால்களும்.

லான்ரிஸ்டட் பக்கம் சாலையோரத்தில் ஓர் இடிந்த சுவர் உண்டு. ‘த்ரவெரினை மறக்காதீர்கள்’ என்று வெல்ஷில் எழுதியிருக்கும். லிவர்பூலுக்குத் தண்ணீர் கொடுக்க 1965இல் ஒரு பள்ளத்தாக்கையும் அதிலிருந்த கபெல் கெலின் என்ற கிராமத்தையும் மூழ்கடித்ததற்கான கோபம் அது. 2019இல் யாரோ அந்தச் சுவரை இடித்தார்கள். ஊர்க்காரர்கள் கற்களை எடுத்து மறுபடி கட்டினார்கள். அதே வாசகம் வேல்ஸ் முழுக்கச் சுவர் சுவராகப் பரவியது. அந்தச் சுவரை உணர்ச்சிபூர்வமாகப் படமெடுத்து, சட்டம் போட்டு, ஊர்க்கூடக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே நான்கு சுவர்கள் மாட்டியிருந்தன.

மனிதர்கள் பக்கம் என்னைத் தள்ளியது பாபிர் ப்ரோ. வட்டாரத்துக்கு ஒன்று என்று வேல்ஸில் இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட பத்திரிகைகள் வருகின்றன, எல்லாம் வெல்ஷ் மொழியில். முதலாவது 1973இல் கார்டிஃபில் தொடங்கியது. யாருக்கும் சம்பளம் கிடையாது. செய்தி எழுதுபவர் ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருப்பார், விளம்பரம் பிடிப்பவர் பால் பண்ணைக்காரராக இருப்பார். யாருக்குப் பேத்தி பிறந்தாள், யார் ஓட்டுநர் தேர்வில் தேறினார், எந்தச் சாப்பலில் என்றைக்குத் தேநீர் விருந்து, யார் இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார் என்பதெல்லாம் அதில் வரும். எங்கள் கெரெடிகியான் மாவட்டத்தில் 2021 கணக்கெடுப்பின்படி 45 சதவீதம் பேர் வெல்ஷ் பேசுகிறார்கள். அவர்களில் பலர் லண்டன் பத்திரிகையைப் புரட்டுவார்கள், இதைப் படிப்பார்கள்.

எங்கள் பத்திரிகையைக் கையால் மடிக்கிறார்கள். அச்சாகி வந்ததும் ஒரு மாலை ஊர்க்கூடத்தில் நீளமான மேசைகளைப் போட்டு, தாள்களை அடுக்கி, மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஊர்வாரியாகக் கட்டுக் கட்டுவார்கள். நடுவில் தேநீரும் பாரா ப்ரித்தும் உண்டு. உலர்ந்த திராட்சையைத் தேநீரில் ஊறவைத்துச் செய்யும் ரொட்டி அது, மேலே வெண்ணெய் தாராளமாக இருக்கும். நான் வெல்ஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். பேச வராவிட்டாலும் மடிக்க வருமே என்று என்னையும் உட்காரவைத்தார்கள். மடிக்கவும் வரவில்லை. நான் கட்டிய கட்டு முழுவதிலும் மரண அறிவிப்புகள் தலைகீழாக இருந்தன. செயலாளர் அம்மையார் அதை அமைதியாக வாங்கிப் பிரித்துக்கொண்டே, “உங்களிடம் கேமரா இருக்கிறதாமே?” என்று கேட்டார். பதவி உயர்வு என்றே நினைத்துக்கொண்டேன்.

முதலில் கொடுத்தது பாடகர் குழுவின் படம். சாப்பல் ஜன்னலிலிருந்து சாய்ந்து விழும் ஒளியில் பாதி முகங்கள் மின்ன, மீதி இருளில் கரைய, ரெம்ப்ராண்ட் பார்த்தால் ஒரு நிமிடம் நின்றிருப்பார். மலிவுத் தாளில், கறுப்பு வெள்ளையில் அச்சானபோது அது ஒரு கறுப்புக் கட்டமாக வந்தது. பாடகர் குழுவில் யார் இறந்தது என்று இரண்டு வீடுகளிலிருந்து போன் வந்ததாம்.

அதன் பிறகு எனக்குத் தெளிவான அறிவுரை கிடைத்தது: முகம் தெரிய வேண்டும், பெயர் சரியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். எளிது என்று நினைத்தேன். முகம் எளிது. பெயரைப் பற்றிச் சொல்லுகிறேன்.

நம்மைப் போலவே வெல்ஷ்காரர்களுக்கும் ஒரு காலத்தில் அப்பா பெயர்தான் அடையாளம். 16ஆம் நூற்றாண்டு தொடங்கி அது மெல்ல மெல்லக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. அந்த நேரத்தில் யாருடைய அப்பா பெயர் என்னவோ அதிலேயே பரம்பரை நின்றுபோனது. அப்போதைய அப்பாக்களுக்கு இருந்த பெயர்களோ சொற்பம். அதனால் ஊர் நிறைய ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ். பிரித்துச் சொல்லப் பண்ணைப் பெயரையோ தொழிலையோ சேர்த்துக்கொள்வார்கள். பால் ஜோன்ஸ் வேறு, தபால் ஜோன்ஸ் வேறு. தபால் ஜோன்ஸ் ஓய்வுபெற்றுத் தபால் நிலையமே மூடிய பிறகும் அவர் தபால் ஜோன்ஸ்தான். இதெல்லாம் ஊரில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். குறிப்பேட்டில் ‘ஜோன்ஸ், ஜோன்ஸ், எவன்ஸ், ஜோன்ஸ்’ என்று எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருபவனுக்குத் தெரியாது.

அறுவடை நன்றி விருந்து அன்று ஊர்க்கூடக் குழுவைப் படமெடுத்தேன். பின்வரிசையில் ஏழு பேர். வரிசையின் ஓரத்தில் நின்ற செயலாளர் அம்மையார், என் சிரமம் பார்த்து, நின்ற இடத்திலிருந்தே ‘இடப்பக்கமிருந்து சொல்கிறேன்’ என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பக்கத்துப் பண்ணையின் பெயரை எழுத்துக் கூட்டிக்கூடச் சொன்னார். நான் பயபக்தியோடு எழுதிக்கொண்டேன். கேமராவைப் பார்த்து நிற்பவருடைய இடது எனக்கு வலது என்பது, பொறியியல் படித்த எனக்கு, பத்திரிகை எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் விளங்கியது.

ஏழு பேரில் நடுவில் நின்றவர் பெயர் மட்டும் தப்பித்தது. அவர் குழு உறுப்பினரே அல்ல. கூடத்தின் கொதிகலனைச் சரிபார்க்க வந்தவர். உயரமாக இருக்கிறாரே, நடுவில் நின்றால் நன்றாக இருக்கும் என்று நானே இழுத்து நிறுத்தியிருந்தேன்.

மற்ற ஆறு பேரில் சாப்பலின் மூத்த டீக்கனும் மதுக்கடைக்காரரும் இடம் மாறியிருந்தார்கள். மதுக்கடைக்காரர் அந்தப் படத்தைக் கத்தரித்துத் தன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். டீக்கன் மதுவைத் தொடாதவர். வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளை மூடவைக்க 1881இல் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே வாங்கிய மரபில் வந்தவர். ஆராதனை முடிந்து வாசலில் எனக்காகக் காத்திருந்தார். திட்டு விழும் என்று தயாராக நின்றேன். “வியாபாரம் எப்படிப் போகிறது என்று இந்த வாரம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்” என்றார். அவ்வளவுதான். நடந்து போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த இதழில் திருத்தம் வந்தது. ‘சென்ற மாதம் ஐந்தாம் பக்கப் படத்தை வலமிருந்து இடமாக வாசிக்கவும்.’

ஆறுதல் தேடி அபெரிஸ்ட்வித்தில் குன்றின்மேல் இருக்கும் வேல்ஸ் தேசிய நூலகத்துக்குப் போனேன். ஆறுதல் கிடைக்கவில்லை. அங்கே ஜான் தாமஸ் இருக்கிறார். இதே கெரெடிகியானில், கெத்லான் என்ற ஊரில், 1838இல் பிறந்தவர். லிவர்பூலில் துணிக்கடைச் சிப்பந்தியாக இருந்து, உடல்நலம் கெட்டு வெளிவேலைக்கு வந்து, பிரபலங்களின் சிறு படங்களை விற்கத் தொடங்கினார். அந்தப் படங்களில் வெல்ஷ்காரர்கள் ஏறக்குறைய இல்லை என்பதைக் கவனித்து, தானே கேமராவைத் தூக்கினார். முதலில் பிரசங்கிகளை எடுத்தார். பிறகு ஊர் ஊராகப் போய்க் கடை வாசல்களில், தெருமுனைகளில் ஊர் மனிதர்களை நிறுத்தி எடுத்தார். தபால்காரர், செருப்புத் தைப்பவர், கிழவிகள், ஊர் சுற்றிகள் என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் அவர் பெயரில் உள்ளன. கனமான பெட்டியும் கண்ணாடியும் ரசாயனமுமாக அலைந்தவர் அவர். என் கையில் இருப்பதோ நொடிக்கு இருபது படம் எடுக்கும் கருவி. நொடிக்கு இருபது டீக்கன்களை இடம் மாற்ற முடியும்.

அவருக்கும் முன்னால், 1850களில், ஸ்வான்சீ பக்கத்து மேரி டில்வின் சிறிய கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு குழந்தைகள் சிரிப்பதையும் வீட்டார் செய்த பனிமனிதனையும் எடுத்திருக்கிறார். என் கேமராவுக்கு முன்னால் பனிமனிதன்கூடச் சிரிக்காது. இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் பாதிரியார் கால்வெர்ட் ஜோன்ஸ். வேல்ஸில் எடுத்து, தேதி உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய புகைப்படம் அவருடையது. 1841 மார்ச் 9, மார்கம் கோட்டை. விவரமான மனிதர். கோட்டை அசையாது, கண் மூடாது, அதன் கீழே எழுத ஒரே ஒரு பெயர்தான்.

இந்த அனுபவங்களோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் ஊர்ப் பாட்டுக்காரர்கள் சிலர் மலையைத் தாண்டி மான்ட்கோமரிஷயரில் பிளகைனுக்குப் போகும்போது என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். பிளகைன் என்பது பழைய கிறிஸ்துமஸ் கீர்த்தனை வழிபாடு. ஒரு காலத்தில் விடியுமுன்னே, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடந்தது. இப்போது பெரும்பாலும் மாலையில். வாத்தியம் கிடையாது. அறிவிப்பாளர் கிடையாது. குடும்பம் குடும்பமாகவோ நண்பர்களாகவோ வந்திருப்பவர்கள் தாங்களே எழுந்து முன்னால் போய், இசைக்கவையைத் தட்டிச் சுருதி பிடித்துப் பாடிவிட்டு, மௌனமாகத் திரும்பி வந்து உட்காருவார்கள். ஒருவர் பாடியதை அன்று மற்றவர் பாடமாட்டார். கைதட்டல் கிடையாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே காலடி ஓசை மட்டும் கேட்கும்.

அந்த நிசப்தத்துக்கு நான் தயாராகவே போயிருந்தேன். கேமராவில் சத்தமில்லாத ஷட்டரைத் தேர்வு செய்துவைத்திருந்தேன். குவியம் பிடித்ததும் அது ‘பீப் பீப்’ என்று அறிவிக்கும் என்பதையும், இருட்டில் உதவிக்கு ஓர் ஆரஞ்சு விளக்கை எரியவிடும் என்பதையும் மறந்துவிட்டேன். மூன்று விவசாயிகள் முன்னால் போனார்கள். தகப்பனும் இரண்டு மகன்களும் என்று பார்த்தாலே தெரிந்தது. பெரியவர் இசைக்கவையைத் தட்டிக் காதருகே வைத்து, மெல்ல ஸ்வரத்தை முனகினார். அவர் மூக்கின் மேல் ஆரஞ்சு வெளிச்சம் விழுந்தது. என் கேமரா அதற்கு அரை ஸ்வரம் மேலே ‘பீப் பீப்’ என்றது. இளைய மகன் கேமராவின் சுருதியில் வாயைத் திறந்துவிட்டான்.

பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இசைக்கவையை மறுபடி தட்டினார். அப்புறம் அவர்கள் பாடியது இன்னும் என் காதில் இருக்கிறது. கேமராவை மேலங்கிக்குள் சுருட்டி, அது மறுபடி வாய் திறக்காமல் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். திரும்பும் வழியில் காரில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும் ஓட்டி வந்தவர், “அடுத்த வருஷம் நீங்கள் மூன்றாவது குரல்” என்றார்.

ஆடுகளிடமும் நான் நல்ல பெயர் வாங்கவில்லை. பிரிட்டனில் மேய்ப்புநாய்ப் போட்டி முதன்முதலில் நடந்தது வேல்ஸில், பாலா என்ற ஊரில், 1873 அக்டோபரில். ஜெயித்தவர் ஸ்காட்லாந்துக்காரர். அந்தப் புண் இன்னும் ஆறவில்லையோ என்று சந்தேகப்படும் அளவுக்கு இங்கே இந்தப் போட்டியை எடுத்துக்கொள்கிறார்கள். மேய்ப்பர் ஒரு கம்பத்தருகே நின்று விசில் அடிப்பார். நாய் மலையேறி, ஆடுகளுக்குப் பின்னால் வட்டமடித்துப் போய், அவற்றைப் பதறவிடாமல் கீழே கொண்டுவந்து, வேலி இடைவெளிகளுக்குள் புகுத்தி, கடைசியில் சின்னப் பட்டிக்குள் அடைக்க வேண்டும். கோணல் நடைக்கெல்லாம் நடுவர் புள்ளி குறைப்பார்.

பட்டிக்குள் ஆடு நுழையும் கணத்தைத் தரைமட்டத்திலிருந்து எடுத்தால் அற்புதமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பார்வையாளர்களுக்கான கயிற்றுக்கு உள்ளேயே, விதியை மீறாமல், ஈரப்புல்லில் குப்புறப் படுத்தேன். போட்டிருந்தது சிவப்பு மழைக்கோட்டு. ஆடுகள் பட்டி வாசல்வரை ஒழுங்காக வந்தன. மேய்ப்பர் ஒரு கையால் கதவின் கயிற்றைப் பிடித்தபடி, மறுகையில் கோலை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாய் வயிறு தரையில் படப் பதுங்கியிருந்தது. ஆடுகளில் ஒன்று என்னைப் பார்த்தது. அப்புறம் எல்லா ஆடுகளும் என்னைப் பார்த்தன. நாயும் திரும்பி என்னைப் பார்த்தது. அடுத்த நொடி ஆடுகள் புறப்பட்ட வேகத்தில் மலை உச்சிக்கே திரும்பிவிட்டன. நேரமும் முடிந்துவிட்டது.

மேய்ப்பர் மெதுவாக என் பக்கம் வந்தார். எழுந்து, சேற்றைத் தட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வகுப்பில் கற்ற வெல்ஷ் வாக்கியத்தைத் தேடினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்ல கோட்டு” என்றார். நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். படம் நன்றாக வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு ஆடுகளும் ஒரு நாயும் ஒரு மனிதரும், அத்தனை கண்களும் நேராகக் கேமராவை நோக்கி. குழுப்படத்தில் ஒருபோதும் எனக்கு வாய்க்காதது. அதைப் பத்திரிகைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மனைவியிடம் காட்டினேன். “என்னங்க, அந்த நாய் உங்களை அடையாளம் வைச்சுக்கிட்ட மாதிரியில்ல இருக்கு?” என்றாள்.

ஊரில் எனக்கு ஒரு நிலையான இடம் கிடைத்தது ஊர்க்கூடத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில். பின்னால் நாற்காலி மேல் ஏறி நின்று எல்லோரையும் ஒரே படத்தில் அடக்கப் பார்த்தேன். தலைவர் எதையோ வெல்ஷில் மளமளவென்று வாசித்துக்கொண்டிருந்தார். என் வெல்ஷுக்கு அந்த வேகம் அதிகம். வலது ஓரத்தில் ஒருவர் பாதி வெட்டுப்பட்டிருந்ததால், உள்ளே நகருங்கள் என்று கையை உயரத் தூக்கி ஆட்டினேன். கூடம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பலத்த கைதட்டல். எத்தனையோ நாள் உழைப்புக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று தலைகுனிந்து ஏற்றுக்கொண்டு, அந்த மலர்ந்த முகங்களை எடுத்தேன். இன்றுவரை நான் எடுத்த குழுப்படங்களில் அதுதான் சிறந்தது, யாருமே கண் மூடவில்லை.

கூட்டக் குறிப்பு வீட்டுக்கு வந்தபோதுதான் தலைவர் வாசித்துக்கொண்டிருந்தது என்னவென்று தெரிந்தது. மேசை, நாற்காலி, கூடத்துச் சாவி ஆகியவற்றின் பொறுப்பை ஏற்க யாராவது முன்வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஒரே ஒரு கை உயர்ந்ததாகவும், ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியதாகவும் குறிப்பில் இருந்தது. என் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் போட்டிருந்தார்கள். பதவியை மறுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்கு வெல்ஷில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

இப்போது கடையில், தெருவில், சாப்பல் வாசலில் என்னை நிறுத்திப் பேசுகிறார்கள். வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு எத்தனை நாற்காலி, பழைய மேசையின் ஆடும் காலை என்ன செய்யலாம், சாவி யாரிடம். பத்திரிகைக்குப் படங்களைப் பள்ளிச் சிறுமி ஒருத்தி செல்பேசியில் எடுத்து, அன்று மாலையே பெயர்களோடு அனுப்பிவிடுகிறாள். ஒளியைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் எந்த ஜோன்ஸ் எந்த ஜோன்ஸுக்குப் பேத்தி என்பது தெரியும். ஒருமுறை அவளுக்கு மூன்றிலொரு பங்கு விதியை விளக்கப் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் முட்டுக்கொடுத்திருந்த மேசை சாய்கிறது என்று காட்டினாள்.

வருகிற சனிக்கிழமை தோட்டக் கண்காட்சி. லீக்ஸ், வெங்காயம், கேக், குழந்தைகள் காய்கறியில் செய்த விலங்குகள் எல்லாம் உண்டு. இந்த முறை கேமராவையும் கொண்டுவரட்டுமா என்று செயலாளர் அம்மையாரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஆனால் எட்டு மணிக்குள் நீள மேசைகளைப் போட்டுவிடுங்கள், லீக்ஸை அதில்தான் வைக்க வேண்டும். அந்தச் சிவப்புக் கோட்டு மட்டும் வேண்டாம். இந்த வருஷம் பின்பக்க வயலில் ஆடுகள் இருக்கின்றன.”